தூதரகம் ஆர்டர் வாங்கித் தருமா? வெளிநாட்டுச் சந்தை தேடும் சேலத்துக்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

சேலத்தில் 'எம்பசி' என்றால் விசாதான் நினைவுக்கு வரும். பையன் மேல்படிப்புக்குப் போகிறான், மகளின் பிரசவத்துக்கு அம்மா போகிறார், அதற்காக ரயிலேறிச் சென்னை போய் வரிசையில் நிற்கும் இடம். அந்த இடத்துக்கும் நம் கொலுசுப் பட்டறைக்கும் சேகோ ஆலைக்கும் ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். 'அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்களுக்கு' என்பார்கள் சிலர். 'உள்ளே ஆள் தெரிஞ்சா ஆர்டர் தானா வரும்' என்பார்கள் வேறு சிலர். இரண்டும் தவறு. இரண்டாவதை நம்பினால் கைப்பணமும் போகும்.

போன தை மாதம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் என்னைத் தேடி வந்தார். சிறு தொழில்காரர்களுக்கு ஏற்றுமதிக் காகித வேலை செய்து தருவது என் பிழைப்பு என்பதால் இப்படி யாராவது வருவது வழக்கம். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"தம்பி, எம்பசியில ஆள் இருக்காராம். நாப்பதாயிரம் குடுத்தா வெளிநாட்டு ஆர்டர் வாங்கித் தர்றேங்கறார். குடுக்கலாமா?"

"குடுக்காதீங்கண்ணா" என்று சொல்ல ஒரு நொடி போதும். அப்படியானால் தூதரகம் என்னதான் செய்யும் என்று அவர் திருப்பிக் கேட்டதற்குப் பதில் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. அன்று பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

சம்பந்தம் பேசும் முன் விசாரிப்பது போல

ஓமலூரில் இருக்கும் ஒரு குடும்பம் திருச்சிப் பக்கம் பெண் எடுக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலையாக என்ன செய்வார்கள்? திருச்சியில் குடியிருக்கும் மாமாவுக்கு ஒரு போன் போடுவார்கள். 'அந்தக் குடும்பம் எப்படி, கடன் கிடன் உண்டா, சொன்ன நிலம் இருக்கிறதா, அந்தப் பக்கம் முறை என்ன' என்று கேட்பார்கள். மாமா தெருவில் நாலு பேரிடம் விசாரித்துச் சொல்வார். தேவையானால் கூடவே வந்து, 'இவங்க எங்க ஆளுங்க' என்று அறிமுகம் செய்து வைப்பார்.

அதோடு அவர் வேலை முடிந்தது. பெண் பிடித்திருக்கிறதா என்று முடிவு செய்வது மாமா இல்லை. சீர் பேசுவதும் அவர் இல்லை. பின்னால் மனஸ்தாபம் வந்தால் இரு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசுவார். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

வெளிநாட்டில் இருக்கும் நம் நாட்டுத் தூதரகம் வியாபார விஷயத்தில் அந்த மாமாவைப் போன்றது. அந்த ஊரிலேயே இருக்கிறது, அங்கே பேசும் மொழி தெரிந்தவர்கள் உள்ளே வேலை செய்கிறார்கள், யார் உண்மையான வியாபாரி என்று விசாரிக்க அதற்கு வழி இருக்கிறது. அது கேட்டால் உள்ளூர்க்காரர்கள் பதில் சொல்கிறார்கள். சிவதாபுரத்தில் இருந்து நாம் எழுதினால் குப்பைக்குப் போகும் கடிதத்தைத் தூதரகம் அனுப்பினால் பிரித்தாவது பார்ப்பார்கள்.

எது தூதரகம், எது துணைத் தூதரகம்

ஒரு நாடு இன்னொரு நாட்டின் தலைநகரில் வைத்திருக்கும் அரசு அலுவலகம் தூதரகம். காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று வைத்துக்கொள்ளும்போது அதையே ஹை கமிஷன் என்கிறார்கள். லண்டனிலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் இந்தியாவுக்கு இருப்பது ஹை கமிஷன்தான். பெயர் வேறு, வேலை ஒன்று. தலைநகர் அல்லாத பெரிய ஊர்களில் இருப்பது துணைத் தூதரகம். அபுதாபியில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, துபாயில் இருப்பது துணைத் தூதரகம்.

இந்தக் கணக்கின்படி பார்த்தால் சென்னையில் 'எம்பசி' என்று ஒன்று கிடையாது. தூதரகங்கள் எல்லாம் புது டெல்லியில். சென்னையில் அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான், தென் கொரியா போன்ற நாடுகளின் துணைத் தூதரகங்களும், பிரிட்டன், இலங்கை போன்றவற்றின் துணை ஹை கமிஷன்களும் இருக்கின்றன.

விசாவும் பாஸ்போர்ட்டும் இவற்றின் வேலைகளில் ஒரு பகுதி மட்டுமே. தூதரகங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று நாடுகள் கூடி வகுத்த வியன்னா உடன்படிக்கை 1961-ல் கையெழுத்தானது. அதன் மூன்றாம் பிரிவு தூதரகத்தின் கடமைகளைச் சொல்லும்போது இரு நாடுகளின் பொருளாதார உறவை வளர்ப்பதையும் சேர்த்தே சொல்கிறது. வியாபாரத்துக்கு உதவுவது அதிகாரி மனம் வைத்துச் செய்யும் சலுகை இல்லை, எழுதி வைத்த கடமை. இது தெரிந்தால் கேட்கும்போது கூச்சம் இருக்காது.

அந்தக் கடமையைச் செய்யும் மேஜைக்கு வணிகப் பிரிவு என்று பெயர். பெரிய தூதரகத்தில் தனி அதிகாரிகள் இருப்பார்கள். சிறிய நாட்டில் ஒரே அதிகாரி வணிகத்தோடு கலாசார விழாவையும் சேர்த்துப் பார்ப்பார். அதிகாரிகள் சுமார் மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். அந்த நாட்டிலேயே வேலைக்கு எடுத்த மார்க்கெட்டிங் ஊழியர் பல வருடம் அங்கேயே இருப்பார். எந்த இறக்குமதியாளர் எப்படிப்பட்டவர் என்ற விவரம் பெரும்பாலும் அவர் தலைக்குள்தான் இருக்கும். அவரிடமிருந்து பதில் வந்தால் 'கீழ்மட்ட ஆள்தானே' என்று தள்ளிவிடாதீர்கள்.

எந்த வாசலைத் தட்டுவது

நான் பார்த்தவரை எல்லோரும் குழம்பும் இடம் இதுதான். ஜெர்மனிக்குச் சரக்கு விற்க நினைப்பவர் சென்னையில் இருக்கும் ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு எழுதிவிட்டு, பதில் இல்லையே என்று வருத்தப்படுவார். அவர் தட்ட வேண்டிய வாசல் ஜெர்மனியில் இருக்கும் இந்திய அலுவலகம். திருச்சி சம்பந்தத்தை விசாரிக்க நம் மாமாவிடம் கேட்போமா, பெண் வீட்டாரின் மாமாவிடம் கேட்போமா?

விற்கப் போகிறவருக்கு, வாங்கும் நாட்டில் இருக்கும் இந்தியத் தூதரகம். வாங்கப் போகிறவருக்கு, விற்கும் நாட்டின் அலுவலகம் நம் ஊரில் எங்கே இருக்கிறதோ அங்கே. இளம்பிள்ளையில் விசைத்தறி வைத்திருப்பவர் ஜப்பானில் இருந்து இயந்திரம் வாங்க நினைத்தால் ஜப்பான் தரப்பு அலுவலகம் ஆர்வத்தோடு உதவும். தங்கள் நாட்டுப் பொருளை விற்பது அவர்கள் கடமை. நம் துண்டையும் சேலையையும் அங்கே விற்றுத் தருவது அவர்கள் கடமை இல்லை.

இன்னொன்று. பல நாடுகள் இந்த வேலையைத் தூதரகத்துக்கு வெளியே தனி அமைப்பிடம் கொடுத்திருக்கின்றன. ஜப்பானுக்கு 1958-ல் தொடங்கிய ஜெட்ரோ, கொரியாவுக்கு 1962-ல் தொடங்கிய கோட்ரா, ஜெர்மனிக்கு 1956-ல் தொடங்கிய இந்தோ-ஜெர்மன் வர்த்தக சபை. மூன்றுக்கும் சென்னையில் அலுவலகம் உண்டு. அந்த நாட்டுக் கம்பெனியோடு கூட்டுத் தொழில் செய்யவோ இயந்திரம் வாங்கவோ நினைப்பவர் துணைத் தூதரகத்தைவிட இவர்களிடம் போவது சுலபம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தூதரகத்துக்குள் வணிகப் பிரிவு என்று ஒன்று உண்டு, வியாபாரத்துக்கு உதவுவது அதன் கடமை, விற்பவர் போக வேண்டியது அந்த நாட்டில் இருக்கும் நம் அலுவலகத்துக்கு. இனி உள்ளே போவோம்.

கடிதம் போன பிறகு என்ன நடக்கிறது

உதாரணத்துக்குக் காபியை எடுத்துக்கொள்கிறேன். சேர்வராயன் மலையில் காபி 200 வருடக் கதை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே அதை நட்டு வளர்த்தார். இன்று சில்வர் ஓக் நிழலில் மிளகுக் கொடியோடு சேர்ந்து வளரும் அராபிகாவைச் சின்னச் சின்னத் தோட்டக்காரர்களும் பயிரிடுகிறார்கள். அப்படி ஒருவர் ஜெர்மனியில் காபி விற்க நினைக்கிறார். ஐரோப்பாவுக்குக் காபி இறங்கும் பெரிய துறைமுகங்களில் ஹாம்பர்க் ஒன்று, அங்கே இந்தியத் துணைத் தூதரகமும் இருக்கிறது. அதற்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார்.

அங்கே முதலில் தேடுவது எச்.எஸ். குறியீடு. உலகச் சுங்கத் துறைகள் எல்லாப் பொருளுக்கும் கொடுத்திருக்கும் எண் அது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டிலும் ஒன்று, இந்தியாவில் எட்டு இலக்கம் வரை போகும். காபிக்கு 0901, மிளகுக்கு 0904, ஜவ்வரிசிக்கு 1903, வெள்ளி நகை வருவது 7113-ல். இந்த எண் கடிதத்தில் இருந்தால் அந்த நாடு அந்தப் பொருளை யாரிடம், எவ்வளவு, என்ன விலைக்கு வாங்குகிறது என்று இறக்குமதிக் கணக்கில் உடனே பார்த்துவிடலாம். எண் இல்லாவிட்டால் 'காபி என்கிறாரே, பச்சைக் கொட்டையா, வறுத்ததா, இன்ஸ்டன்டா' என்று கேட்டு ஒரு பதில் மின்னஞ்சல். அதற்கு நாம் பதில் எழுத ஒரு வாரம்.

ஜவ்வரிசிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் தென்கிழக்கு ஆசியாவில் இருந்து ஜவ்வரிசி வருவது தடைப்பட்டதால், 1943 வாக்கில் சேலத்தில் குச்சிக்கிழங்கில் இருந்து அதைச் செய்ய ஆரம்பித்தார்கள். நாம் அதைச் 'சேகோ' என்றே அழைத்துப் பழகிவிட்டோம். 2023-ல் புவிசார் குறியீடும் அந்தப் பெயரில்தான் கிடைத்தது. ஆனால் வெளிநாட்டில் பல இடங்களில் 'சேகோ' என்றால் சேகோ பனையின் மாவு என்று நினைப்பார்கள். நம் பொருளை அவர்கள் 'டாப்பியோகா பேர்ல்' என்றால்தான் அடையாளம் கண்டுகொள்வார்கள். 1903 என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

அடுத்தது யார் வாங்குவார் என்பது. வணிகப் பிரிவு தன்னிடம் உள்ள பட்டியலையும், உள்ளூர் வர்த்தக சபையையும், அந்தத் தொழிலின் இறக்குமதியாளர் சங்கத்தையும் பார்த்துச் சில பெயர்களைத் தரும். குறிப்பிட்டு ஒரு கம்பெனியைச் சொல்லி 'இப்படி ஒரு நிறுவனம் உண்மையிலேயே இருக்கிறதா' என்று கேட்டால் அந்த நாட்டுப் பதிவேட்டில் பார்த்துச் சொல்வார்கள். மின்னஞ்சலில் வந்த ஆர்டரை நம்பிச் சரக்கு அனுப்பும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் தப்பித்திருக்கக் கூடிய இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

மூன்றாவது உதவியை யாரும் உதவியாக நினைப்பதில்லை. 'இந்தச் சந்தை உங்களுக்குச் சரிவராது' என்று சொல்வது. காபியில் இருபதடி கன்டெய்னர் ஒன்றுக்கு 60 கிலோ மூட்டை முந்நூறுக்கு மேல் போகும், ஏறக்குறைய 19 டன். பெரிய இறக்குமதியாளர் கன்டெய்னர் கணக்கில்தான் பேசுவார். பத்துப் பன்னிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஏற்காட்டுக்காரரின் ஒரு வருட விளைச்சல் அதில் ஒரு மூலைக்கும் காணாது. அவரைப் பெரிய இறக்குமதியாளரிடம் அனுப்பிப் பயனில்லை. ஒரு டன், இரண்டு டன் என்று வாங்கி, தோட்டத்தின் பெயரைப் பாக்கெட்டில் போட்டு விற்கும் சிறிய ரோஸ்டர்களிடம், அதாவது காபிக் கொட்டையை வறுத்து விற்பவர்களிடம்தான் அவர் போக வேண்டும். இதை முதல் பதிலிலேயே யாராவது சொல்லிவிட்டால் ஒரு வருட அலைச்சலும் சாம்பிள் அனுப்பும் கூரியர் செலவும் மிச்சம். பெயர்ப் பட்டியலைவிட இந்தப் பதிலையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி எதிர்த் திசையிலும் வரும்

நாம் கேட்டு அவர்கள் சொல்வது பாதிக் கதை. அங்கே இருக்கும் வியாபாரியும் இந்தியத் தூதரகத்துக்கு எழுதுவார்: 'எனக்கு வெள்ளிக் கொலுசு வேண்டும், இந்தியாவில் யார் செய்கிறார்கள்?' இதற்கு வர்த்தக விசாரணை என்று பெயர். தூதரகத்துக்குச் செவ்வாய்ப்பேட்டையும் தெரியாது, பனங்காடும் தெரியாது. அது அந்தக் கடிதத்தை அந்தப் பொருளுக்கான ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலுக்குத் திருப்பிவிடும். கவுன்சில் என்பது ஒரு தொழிலில் ஏற்றுமதி செய்பவர்களைப் பதிவு செய்து வைத்து உதவும் அமைப்பு. நகைக்கு ரத்தினம் மற்றும் நகை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில், கைத்தறிக்கு அதற்கென்று ஒன்று. காபிக்குக் காபி வாரியம், மிளகுக்கு நறுமணப் பொருள் வாரியம், வேளாண் பொருட்களுக்கு அபெடா ஆகியவை இதே வேலையைச் செய்கின்றன.

கவுன்சில் அந்த விசாரணையைத் தன் உறுப்பினர்களுக்கு அனுப்பும். உறுப்பினர் இல்லாதவருக்கு அப்படி ஒரு கேள்வி வந்ததே தெரியாது.

நம் ஊர் விஷயத்தில் எனக்கு மனவருத்தம் தருவது இந்த இடம்தான். சேலத்துக் கொலுசை நாடு முழுக்க வாங்குகிறார்கள். ஆனால் பட்டறை வைத்திருக்கும் பெரும்பாலானவர்கள் வியாபாரியிடம் வெள்ளி வாங்கிக் கூலிக்குச் செய்து தருபவர்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. வெளிநாட்டில் இருந்து கேள்வி கிளம்பினால் அது மும்பையிலோ ஜெய்ப்பூரிலோ இருக்கும் உறுப்பினரிடம் போய்ச் சேரும். அவர் அங்கிருந்து சேலத்துக்கு ஆர்டர் கொடுப்பார். வேலை இங்கே நடக்கும், வாங்குபவரின் முகவரி அங்கேயே நின்றுவிடும்.

பட்டியலுக்குள் வர முதலில் வேண்டியது ஐ.இ.சி. எண். ஏற்றுமதி இறக்குமதி செய்ய அரசு தரும் அடையாள எண் அது. இப்போது பான் எண்ணே ஐ.இ.சி. எண்ணாகவும் இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள், விவரங்களைச் சரிபார்த்துப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் எண் முடங்கிவிடும். அப்புறம் கவுன்சிலில் சேர்ந்தால் பதிவு மற்றும் உறுப்பினர் சான்றிதழ் தருவார்கள். அதைத்தான் எங்கள் தொழிலில் ஆர்.சி.எம்.சி. என்கிறோம். 2024 செப்டம்பரில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் 'டிரேட் கனெக்ட்' என்று ஓர் இணையத் தளம் தொடங்கியது. ஐ.இ.சி. வைத்திருப்பவர்களையும் கவுன்சில்களையும் வெளிநாட்டு இந்தியத் தூதரக அதிகாரிகளையும் ஒரே இடத்தில் இணைப்பதற்காக வந்தது அது. யாரைக் கேட்பது என்று தெரியாதவர் அங்கே தொடங்கலாம்.

அங்கே உள்ள விதி என்ன

விலை பேசி, டிசைன் பேசி, சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு ஒரு விதி குறுக்கே வந்தால் எல்லாம் வீண். அந்த விதியை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வணிகப் பிரிவு நல்ல இடம்.

கொலுசையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 7.78 கிராமுக்கு மேல் எடையுள்ள பொருளை 'வெள்ளி' என்று சொல்லி விற்க வேண்டுமானால் அதில் அங்கீகரிக்கப்பட்ட ஹால்மார்க் இருக்க வேண்டும். அங்கே லண்டன், பர்மிங்ஹாம், ஷெஃபீல்ட், எடின்பரோ ஆகிய நாலு ஊர்களில் அதற்கான சோதனைச் சாலைகள் இருக்கின்றன. குழந்தைக் கொலுசு சில தப்பலாம், பெரியவர்கள் போடும் ஜோடி தப்பாது. நம் ஊரில் 'எத்தனை டச்', அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று கேட்டு நம்பிக்கையில் வாங்குகிறோம், அங்கே முத்திரை பேசும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலில் படும் நகையில் இருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. கொலுசின் கொக்கியில் போடும் கலப்பு உலோகத்தைப் பற்றி அதனால்தான் கேட்பார்கள்.

காபிக்கு வேறு தலைவலி. 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சட்டத்தின்படி, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபியை அங்கே விற்க முடியாது. விளைந்த தோட்டத்தின் புவியிட எண்களையும், அதாவது வரைபடத்தில் அது இருக்கும் இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் கொடுக்க வேண்டும். சட்டம் அமலாகும் தேதி தள்ளிப்போயிருக்கிறது. ஆனாலும் வாங்குபவர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இப்படி அந்த ஊரில் சட்டம் மாறும்போது அதைக் கவனித்துத் தன் நாட்டுக்கு எழுதுவதும் தூதரகத்தின் தினசரி வேலைதான்.

விதி என்றால் தடை மட்டும் இல்லை. 2022 மே 1 முதல் இந்தியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் இடையே ஒரு வர்த்தக ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. இந்திய நகைகள் அங்கே வரியில்லாமல் நுழைய அது வழி செய்தது. அந்தச் சலுகை கிடைக்க, பொருள் இந்தியாவில்தான் செய்யப்பட்டது என்று காட்டும் பிறப்பிடச் சான்று கூடவே போக வேண்டும். சான்றில்லாமல் அனுப்பிவிட்டு வரி கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கண்காட்சியும் சந்திப்பும்

இதைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை, நேரில் பார்த்தாலே புரியும். துபாயில் வருடந்தோறும் நடக்கும் கல்ஃபுட், ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடக்கும் அனுகா, இரட்டைப்படை ஆண்டுகளில் பாரிஸில் நடக்கும் சியால் போன்ற உணவுக் கண்காட்சிகளில் இந்தியாவுக்கென்று தனி அரங்கு போடுவார்கள். அரங்கைப் பெரும்பாலும் அபெடாவோ கவுன்சிலோ ஏற்பாடு செய்யும், அந்த நாட்டுத் தூதரகம் உள்ளூர் வாங்குபவர்களை அழைத்து வர உதவும். ஒரே மேஜையில் இரு தரப்பையும் உட்கார வைக்கும் ஏற்பாட்டுக்கு வாங்குவோர்-விற்போர் சந்திப்பு என்று பெயர். தகுதியுள்ள சிறு நிறுவனங்களுக்குப் பயணச் செலவில் ஒரு பகுதியை மானியமாகத் தரும் திட்டமும் உண்டு. கவுன்சிலில் கேட்டால் அந்த வருட நிலவரம் சொல்வார்கள்.

நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: முதல் தடவை ஸ்டால் எடுக்காதீர்கள். பார்வையாளராகப் போய், கிளம்பும் முன்பே தூதரகத்துக்கு எழுதி, இரண்டு மூன்று பேரைச் சந்திக்க நேரம் வாங்கிக்கொண்டு போங்கள்.

தூதரகம் செய்யாதவை

ஆர்டர் வாங்கித் தராது. அறிமுகம் செய்து வைத்த பிறகு பேரம் உங்களுடையது.

பணம் வரும் என்று உத்தரவாதம் தராது. அந்த ஆபத்துக்குக் காப்பீடு தருவதற்கென்றே 1957-ல் தொடங்கிய ஈ.சி.ஜி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. வாங்குபவர் பணம் தராமல் ஏமாற்றினால் இழப்பின் பெரும்பகுதி அதில் கிடைக்கும், முன்பே காப்பீடு எடுத்திருந்தால்.

தகராறு வந்தால் தூதரகம் எதிர்த் தரப்புக்கு எழுதும், பேசும், சமாதானத்துக்கு முயலும். வழக்கு நடத்தாது, பணத்தைப் பிடித்துத் தர அதற்கு அதிகாரமும் இல்லை. ஒப்பந்தம் இல்லாமல் வாட்ஸ்அப் பேச்சை மட்டும் நம்பி அனுப்பிய சரக்குக்கு அதனால் செய்ய முடிவது இன்னும் குறைவு.

கமிஷன் வாங்காது. சிவதாபுரத்து அண்ணன் கேட்ட நாப்பதாயிரத்துக்கு இங்கேதான் பதில். முன்பு சொன்ன அதே வியன்னா உடன்படிக்கையின் 42-ஆம் பிரிவு, தூதரக அதிகாரி தான் வேலை செய்யும் நாட்டில் சொந்த லாபத்துக்காக எந்த வியாபாரமும் செய்யக் கூடாது என்கிறது. 'எம்பசி அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும்' என்று பணம் கேட்பவர் ஒன்று பொய் சொல்கிறார், அல்லது குற்றத்துக்கு உங்களைக் கூட்டுச் சேர்க்கிறார். சில நாடுகள் தங்கள் நாட்டு நிறுவனங்களுக்குச் செய்யும் சேவைக்குக் கட்டணம் வாங்குவது உண்மை. அமெரிக்க வர்த்தகத் துறை தன் நாட்டு ஏற்றுமதியாளர்களுக்கு 'கோல்ட் கீ' என்ற பெயரில் சந்திப்புகளை ஏற்பாடு செய்து கட்டணம் வசூலிக்கிறது. அது வெளிப்படையாக அறிவித்த தொகை, அரசுக் கணக்குக்குப் போவது. யாருடைய கூகுள் பே எண்ணுக்கும் போவது இல்லை.

சந்தேகம் இருந்தால் மின்னஞ்சல் முகவரியின் வாலைப் பாருங்கள். இந்தியத் தூதரகங்களின் முகவரிகள் வெளியுறவு அமைச்சகத்தின் 'எம்.ஈ.ஏ. டாட் கவ் டாட் இன்' என்று முடியும். ஜிமெயிலில் இருந்து வந்தால் அந்தத் தூதரகத்தின் இணையத் தளத்தில் உள்ள எண்ணுக்குப் பேசிக் கேட்டுவிட்டே மேலே போக வேண்டும்.

ஆக, விசாரித்துச் சொல்லும், அறிமுகப்படுத்தும், விதியைச் சொல்லும், சண்டை வந்தால் சமாதானம் பேசும். பேரம், ஒப்பந்தம், பணம், சரக்கின் தரம் நான்கும் நம் பொறுப்பு.

எப்படிக் கேட்பது

இப்படி ஒரு கடிதம் என் கைக்கு அடிக்கடி வரும்: 'மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் தரமான காபி உற்பத்தி செய்கிறோம். தங்கள் நாட்டில் வாங்குபவர்களைத் தேடித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' எழுதியவர் மேல் தவறு சொல்ல மாட்டேன், அரசு அலுவலகத்துக்கு இப்படித்தான் எழுதப் பழகியிருக்கிறோம். ஆனால் இதைப் படிப்பவருக்கு எங்கே தேடுவது என்று ஒரு குறிப்புகூட இதில் இல்லை.

அதே தோட்டக்காரருக்கு நான் எழுதித் தந்தது ஏறக்குறைய இப்படி இருந்தது. ஏற்காட்டில் மூன்று தோட்டக்காரர்கள் சேர்ந்து வருடத்துக்கு ஆறு டன் அராபிகா தர முடியும். எச்.எஸ். குறியீடு 0901 11, வறுக்காத பச்சைக் கொட்டை, கியூரிங் (தோல் நீக்கித் தரம் பிரிப்பது) முடித்தது. ஐ.இ.சி. எண் இது, காபி வாரியப் பதிவு எண் இது. எஃப்.ஓ.பி. விலை, அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையிலான செலவு மட்டும் அடங்கிய விலை, கிலோவுக்கு இவ்வளவு. தோட்டங்களின் புவியிட எண்கள் கைவசம் உள்ளன. எங்கள் கேள்வி: ஒன்று முதல் இரண்டு டன் வரை வாங்கும் சிறிய ரோஸ்டர்கள் அந்தப் பகுதியில் யார், அவர்கள் நேரடியாக வாங்குகிறார்களா, இறக்குமதியாளர் வழியாகவா?

ஒரு பக்கம்கூட வரவில்லை. மொழி எளிய ஆங்கிலம், அதில் தப்பிருந்தாலும் பரவாயில்லை. இருபது தூதரகங்களுக்கு ஒரே நகலை அனுப்புவதைவிட இரண்டு நாட்டைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊருக்கு ஏற்ற கேள்வியோடு அனுப்புவது நல்லது. இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல், அதற்கும் இல்லையென்றால் கவுன்சில் வழியாகக் கேட்கலாம். சில அலுவலகங்கள் மூன்று நாளில் பதில் தருகின்றன, சில தருவதே இல்லை. அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

சிவதாபுரத்து அண்ணன் நாப்பதாயிரத்தைக் கொடுக்கவில்லை. ஐநூறு ரூபாய் கட்டி ஐ.இ.சி. எடுத்தார், கவுன்சிலில் சேர்ந்தார், ஒரு நாட்டுக்கு எழுதினார். எந்த நாடு என்று இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அதுவும் நியாயம்தான். ஆறு பெயரும் ஒரு பக்க விதிக் குறிப்பும் பதிலாக வந்தன. ஆறு பேருக்கும் எழுதியதில் ஒருவர் சாம்பிள் கேட்டிருக்கிறார்: சலங்கை குறைவாக, மெல்லிய சங்கிலி போல, வேலைக்குப் போகும் பெண்கள் ஒற்றைக் காலில் போட்டுக்கொள்கிற மாதிரி. "ஒத்தைக் கொலுசுக்கு எப்படித் தம்பி விலை போடறது?" என்று நேற்று போன் செய்தார். எடையும் செய்கூலியும் எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.